வீட்டுக்கு ஒரு கார்டு, கடைக்கு ஒரு கார்டு

போன வாரம் ஒர்க்‌ஷாப் பக்கம் எட்டிப் பார்த்தபோது, கவுண்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டு ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "அக்கா, கஸ்டமருங்க வீட்டுல காட்டுறதுக்கு வேற மாதிரி ஒரு கார்டு எழுதித் தரச் சொல்றாங்க. மத்த கடையில எல்லாம் குடுக்குறாங்களாம். நாம மட்டும் ஏன் குடுக்கக்கூடாது?" வாயில் வடை இருந்ததால் அப்போது பதில் சொல்லவில்லை. வடை தீர்ந்த பிறகும் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன், மெதுவாகப் படியுங்கள்.

இருபத்தாறு வருடம் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்தேன். காலையில் தீவில் என் வீடு இருக்கும் சுங்கை பினாங்கில் கிளம்பிக் கடலைத் தாண்டி மறுகரையில் மாக் மண்டினில் இருக்கும் கடைக்கு வந்தால், சாயங்காலம் வரை பழைய ஐரோப்பியக் கார்களோடும் அதைவிடப் பழுதான அவற்றின் சொந்தக்காரர்களோடும்தான் என் பொழுது போகும். ஒரு ஸ்பேனரைக்கூட நான் தொட்டதில்லை. கார்க்காரர் சொல்வதைக் கேட்டு, மெக்கானிக்குகளுக்குப் புரிகிற மாதிரி கார்டில் எழுதுவதுதான் என் வேலை. "முன்னாடி ஏதோ அழுவுற மாதிரி சத்தம் வருது" என்று ஒருவர் சொன்னால், எது அழுகிறது, எந்த வேகத்தில் அழுகிறது, திருப்பும்போதா நேராகப் போகும்போதா என்று கேட்டு எழுத வேண்டும். கிளினிக்கில் டாக்டருக்கு முன்னால் உட்காரும் நர்ஸ் வேலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கார்க்காரர்களை இன்னும் கொஞ்ச நாளில் நீங்களே தெரிந்துகொள்வீர்கள். இருபது வயதான ஜெர்மன் காரை வாங்குவார்கள். நம் ஊர் வெயிலுக்கு அதன் பிளாஸ்டிக் சாமான்கள் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஒரு தண்ணீர்க் குழாய்க்காக மூன்று வாரம் காத்திருப்பார்கள். அது வந்து சேர்ந்ததும், கெட்டுப்போகாத வேறு இரண்டு சாமான்களைக் கழற்றிப் போட்டுவிட்டு அதைவிட வேகமானவற்றை மாட்டச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெலுக் பஹாங் மலைச்சாலை வளைவுகளில் ஒரு சுற்றுப் போய்வந்து, திங்கட்கிழமை முழுக்க முகம் மலர்ந்திருப்பார்கள். நான் கேலி செய்கிறேனே தவிர, அவர்களை எனக்குப் பிடிக்கும். தங்கள் காரின் ஒவ்வொரு நட்டும் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பவர்கள் அவர்கள்.

ஒரே ஒரு தொல்லை, வீட்டுக்குத் தெரியக்கூடாது.

இதற்காகவே எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. நான் சேருவதற்கு முன்பே எங்கள் முதலாளி ஆரம்பித்து வைத்தது அது. அவர்தான் கடைக்குச் சொந்தக்காரர், அவர்தான் தலைமை மெக்கானிக்கும். உண்மையில் செய்த வேலையை மஞ்சள் கார்டில் எழுதிக் கடையில் வைத்துக்கொள்வோம். கஸ்டமர் கையில் கொடுப்பது வெள்ளைக் கார்டு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் வீட்டுக் கார்டு. பந்தயக் கார் மாதிரி கட்டை ஸ்பிரிங் மாட்டினால் வீட்டுக் கார்டில் "அப்சார்பர் செக்" என்று இருக்கும். சத்தம் போடுகிற புதுப் புகைக்குழாய் மாட்டினால் "புகைக்குழாய் ஓட்டை அடைப்பு". டர்போ மாற்றினால் "ஆயில் லீக்". கணவன்மார்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். இத்தாலிக்காரச் சின்னக் கார் வைத்திருந்த பல் டாக்டர் அம்மா ஒருவர், தன் அப்பாவுக்குப் பயந்து வருடக்கணக்கில் என்னிடம் வீட்டுக் கார்டு வாங்கினார்.

அந்தக் கார்டு எழுதுவதில் நான் கெட்டிக்காரி. "சிசிலி எழுதினா மாமியாரே நம்பிருவாங்க" என்று கஸ்டமர்கள் சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வருடா வருடம் தவக்காலத்தில் மாதா கோவில் சாமியாரிடம் என் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் எரிந்து விழுந்ததெல்லாம் நினைவுக்கு வரும். வீட்டுக் கார்டு ஒருமுறைகூட நினைவுக்கு வந்ததில்லை.

இனி சேகரைப் பற்றிச் சொல்கிறேன். கல்லூரி ஒன்றில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். சாம்பல் நிறத்தில் ஒரு ஜெர்மன் வேகன் வைத்திருந்தார். பார்த்தால் குடும்பக் கார், மிதித்தால் வேறு ஜாதி. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். ஆறு வருடத்தில் அந்தக் காரில் அவர் மாற்றாத இடம் கூரை மட்டும்தான். அவர் மனைவி கவிதா ஒரு கம்பெனியில் அலுவலக வேலை பார்ப்பவர். அவருக்கென்று ஒரு சின்ன உள்ளூர்க் கார் இருந்தது, வேகனைத் தொடமாட்டார். ஏழு வயதில் ஒரு பெண் பிள்ளை. கடைக்கு வரும்போதெல்லாம் அந்தப் பிள்ளை என் மேசையில் இருக்கும் ரப்பர் ஸ்டாம்பை எடுத்துத் தன் கையில் குத்திக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை சேகர் வந்தார். மறுநாள் தெற்கே ஒரு பந்தயத் தளத்தில் அவருடைய நண்பர்கள் கூட்டம் கார் ஓட்டப் போகிறது. அதற்காக இங்கிலாந்திலிருந்து தருவித்த ப்ரேக் பேடை நான்கு சக்கரத்துக்கும் மாட்டச் சொன்னார். அந்த பேடைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் தெரிந்தால் போதும். நன்றாகச் சூடேறினால்தான் அது பிடிக்கும். ஆறிக் கிடக்கும்போது, அதுவும் மழையில் நனைந்திருந்தால், மிதித்த காலுக்குக் கார் உடனே மரியாதை கொடுக்காது. சேகருக்கு அது தெரியும். கிளம்பும்போது சமதரையில் நாலைந்து தடவை மிதித்துச் சூடாக்கிக்கொள்வார். அடுத்த சனிக்கிழமை வந்து பழைய பேடையே திரும்ப மாட்டிக்கொள்வதாக ஏற்பாடு. மஞ்சள் கார்டில் "ட்ராக் பேட், நான்கும்" என்று எழுதினேன், அதாவது பந்தயத் தளத்துக்கான பேட். வெள்ளைக் கார்டில் "ப்ரேக் சர்வீஸ்" என்று எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆசை தீர ஓட்டிவிட்டுத் திரும்பியவர், திங்கட்கிழமை காலையில் ஒரு பயிற்சி வகுப்புக்காகக் கோலாலம்பூருக்கு விமானம் ஏறிவிட்டார். வேகன் வீட்டில் நின்றது. வீடு தீவில், பாயா தெருபோங்கில், மேட்டின் மேலே இருக்கும் அடுக்குமாடி. வாசலில் இறங்கினால் பெரிய சாலைச் சந்திப்பு வரை ஒரே சரிவு.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். கவுண்டரில் இரண்டு பேர் நிற்கிறார்கள், ஒருவர் சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். போன் அடித்தது.

"அக்கா, நான் சேகர் வைஃப் கவிதா. பாப்பாவுக்குக் காய்ச்சல், கிளினிக் போகணும். என் காடி பேட்டரி கொங் ஆயிருச்சு, ஸ்டார்ட்டே ஆகல. அவரு காடிய எடுக்கலாம்னு பார்க்குறேன். உள்ள உங்க கார்டு இருக்கு, சனிக்கிழமை ப்ரேக் சர்வீஸ்னு போட்டிருக்கு. ஓட்டலாம்தானே அக்கா?"

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். மஞ்சள் கார்டு ஞாபகம் வந்தது. ட்ராக் பேட் என்று என் கையால் எழுதியது அப்படியே கண்முன் வந்தது. அதோடு சேர்ந்து, வீட்டுக்குத் தெரியக்கூடாது என்பதும் வந்தது. எது முந்திக்கொண்டது என்று கேட்டால், இரண்டாவதுதான். அத்தனை வருடப் பழக்கம்.

"ஓட்டலாம்லா. ப்ரேக்கெல்லாம் புதுசு. பயப்படாம போங்க" என்றேன்.

"தேங்க்ஸ் அக்கா" என்று போனை வைத்துவிட்டார். கவுண்டரில் காத்திருந்தவருக்கு நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, கவனித்தீர்களா? ப்ரேக் புதுசுதான். வீட்டுக் கார்டு எழுதி எழுதி எனக்கு வந்திருந்த சாமர்த்தியம் அது. பிற்பாடு என்னை அதிகம் வாட்டியது வேறொன்று. "இன்னைக்கு அந்தக் காடிய எடுக்காதீங்க, முதலாளி இன்னொரு தடவ பார்க்கணும்னாரு, டாக்சி புடிச்சுப் போங்க" என்று சொல்லியிருக்கலாம். சேகரின் ரகசியமும் தப்பியிருக்கும், அவர் மனைவியும் தப்பியிருப்பார். அப்படி ஒரு வழி இருக்கிறதா என்று நான் தேடிக்கூடப் பார்க்கவில்லை. கையில் பழகிய பதில் இருந்தது, எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

முதலாளி காப்பிக் கோப்பையோடு உள்ளே வந்தார். "யாரு போன்ல?"

"சேகர் வீட்டுல. அந்த வேகன ஓட்டலாமான்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"ஓட்டலாம்னு சொன்னேன்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்த ட்ராக் பேட் இன்னும் மாத்தலயே சிசிலி. ரெண்டு நாளா ஆறிக் கெடக்குது. அவங்க வீடு மேட்டுல. வெளிய பாரு, எப்படி ஊத்துது. தீவுலயும் மழைதான். போன் அடி, சீக்கிரம்!"

கவிதாவின் கைப்பேசிக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் அடித்தேன். ஐந்தாவது தடவைக்குப் பிறகு சேகருக்கு அடித்தேன். வகுப்பிலிருந்து வெளியே வந்து கிசுகிசுப்பாகப் பேசினார். விஷயத்தைச் சொன்னேன்.

"அவகிட்ட பேட் விஷயத்த சொல்லிட்டீங்களா அக்கா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"இன்னும் இல்ல. போன எடுக்க மாட்டேங்குறாங்க. நீங்க அடிச்சுப் பாருங்க, காடிய எடுக்க வேணாம்னு சொல்லுங்க."

"கிளினிக் பக்கத்துலதான் அக்கா. மெதுவாத்தான் ஓட்டுவா. சொன்னா வீட்டுல பெரிய சண்டை ஆயிரும். தாப்பாலா, விடுங்க."

அந்த மனிதரைத் திட்டிவிடாதீர்கள். பெண்டாட்டி பிள்ளை மேல் உயிராய் இருப்பவர்தான். நான் ஐந்து நிமிடத்துக்கு முன் செய்ததைத்தான் அவரும் செய்தார், அவ்வளவே. நான் போனை வைத்தேன். கஸ்டமர் பேசும்போது நடுவில் போனை வைத்தது என் வேலையில் அதுதான் முதல் தடவை.

இனி யாரால் அந்தக் காரை நிறுத்த முடியும்? வேகன் ஒருமுறை வீட்டிலேயே படுத்துவிட்டபோது இழுவை லாரியை அனுப்பியிருந்தோம். உள்ளே விடச் சொல்லி அந்த அடுக்குமாடியின் காவல் கூண்டுக்கு நான்தான் போன் செய்து பேசியிருந்தேன். அந்த எண் பழைய நோட்டில் கிடைத்தது. அடித்தேன். சாம்பல் நிற வேகன், ஒரு பெண்ணும் பிள்ளையும், வெளியே விடாதே என்று எனக்குத் தெரிந்த மலாயில் கத்தினேன்.

"பாரு கெலுவார், காக்" என்றார் காவலாளி. இப்போதுதான் வெளியே போனார்கள், அக்கா.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. முதலாளி கவுண்டர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மாதாவைக் கூப்பிட்டேன். தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்துக் காவலாளியே திருப்பி அடித்தார். கீழே சந்திப்பில் கார் லொங்காங் சுவரில் மோதிவிட்டது என்றார். அந்தப் பெரிய கால்வாய்ச் சுவரிலா என்று கத்தி, பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு பேருக்கும் நினைவு இருக்கிறது, ஆம்புலன்ஸ் வருகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டேன்.

நடந்தது இதுதான். முதல் வளைவில் கவிதா மிதித்திருக்கிறார், கார் தயங்கியிருக்கிறது. பலமாக மிதித்திருக்கிறார், அப்போதும் சரிவில் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கீழே சந்திப்பில் ஒரு தொழிற்சாலை பஸ் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. நேரே போனால் பஸ்ஸில் மோதும் என்று கை ப்ரேக்கை இழுத்து, காரை இடது பக்கம் ஒடித்துச் சுவரில் கொண்டுபோய் இடித்திருக்கிறார். அந்தக் காரை அவர் அன்றுதான் முதல் தடவையாக ஓட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் அவருக்குச் சரியான முடிவு எடுக்கத் தெரிந்தது. எனக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு தெரியவில்லை.

அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. பிள்ளைக்கு சீட் பெல்ட் அழுத்திய இடத்தில் தோள் கன்றிப்போயிருந்தது.

முதலாளியும் நானும் பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாயங்காலம் சேகரும் வந்து சேர்ந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. வார்டுக்கு வெளியே எங்கள் இரண்டு பேரையும் ஓரமாக அழைத்துப் போனார். "மழை, ரோடு வழுக்கிருச்சுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அவளும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கா. அப்படியே இருக்கட்டும் அண்ணே" என்றார். முதலாளி தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளே போனபோது கவிதா கட்டுப் போட்ட கையோடு, "கடைய விட்டுட்டு இவ்ளோ தூரம் வந்தீங்களா அக்கா" என்று எனக்கு நன்றி சொன்னார். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது. வாங்கிப்போன பிஸ்கட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

போனில் சொன்னது ஒரு தப்பு. ஆஸ்பத்திரியில் சொல்லாமல் வந்தது இன்னொரு தப்பு. முதலாவதற்கு அவசரம், பழக்கம் என்று ஏதாவது காரணம் சொல்லலாம். இரண்டாவதற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. யோசிக்க எனக்கு நேரம் இருந்தது.

தூக்கம் போயிற்று. தவக்காலம் வரட்டும் என்று காத்திருக்காமல் கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அந்த வாரமும் சொல்லவில்லை. முதலாளியின் பிழைப்பு, என் வேலை, ஒரு குடும்பத்தின் நிம்மதி என்று நாளுக்கு ஒரு சாக்கு. நானாகப் போய்ச் சொன்னேன் என்று உங்களிடம் எழுத முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை.

கவிதாதான் வந்தார். ஒரு வியாழக்கிழமை, மத்தியானத்துக்கு முன்னால், டாக்சியில், தனியாக. மாவுக்கட்டுப் போட்ட கை கழுத்தில் மாட்டிய துணியில் தொங்கியது. இடது கையால் கைப்பையைத் திறந்து வெள்ளைக் கார்டை எடுத்துக் கவுண்டரில் என் முன்னால் வைத்தார்.

"காடிய இழுத்துட்டுப் போன எடத்துல கேட்டேன் அக்கா. ப்ரேக்ல என்னமோ ரேஸ் சாமான் போட்டிருக்குன்னு சொன்னாங்க. இதுல சர்வீஸ்னுதான் இருக்கு. இது நீங்க எழுதுனதுதானே?"

முதலாளி கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டார். "அன்னைக்கு மழைம்மா, ரோடு வேற..." என்று ஆரம்பித்தார்.

நான் எழுந்து உள்ளே போனேன். மஞ்சள் கார்டைத் தேடி எடுத்துவந்து வெள்ளைக் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். முதலாளி பேச்சை நிறுத்திவிட்டார். கவிதா இரண்டையும் மாறி மாறிப் படித்தார். இரண்டிலும் ஒரே தேதி, ஒரே கையெழுத்து.

"நான் போன் பண்ணினப்ப இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கவிதா நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார்.

"அவரு காடி விஷயத்துல எங்கிட்ட பொய்தான் சொல்வாருன்னு கல்யாணம் ஆன முதல் வருஷமே தெரியும் அக்கா. அதனாலதான் அன்னைக்கு அவருக்கு அடிக்காம உங்களுக்கு அடிச்சேன்."

அவர் வெள்ளைக் கார்டை ஓரமாகத் தள்ளினார்.

"ஆறு வருஷமா இங்கதானே வர்றாரு. மஞ்சள் கார்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. என்னால பேப்பர் திருப்ப முடியாது, நீங்க படிங்க."

முதலாளி போய்க் கடைக் கதவைப் பாதி இறக்கினார். நான் பெட்டியைத் தூக்கிவந்து அவர் எதிரில் உட்கார்ந்து, முதல் கார்டை எடுத்து, எழுதியிருந்ததை அப்படியே வாசிக்க ஆரம்பித்தேன்.